உழைப்பாளிக்கும் வேண்டும் உடற்பயிற்சி

உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் நம் அங்கத்தினர்களில் பலர் புன்முறுவல் செய்வது இயல்பே. "விடிந்தது முதல் பொழுது சாயும் வரை தறியில் இருப்பவனுக்கும் வரப்பில் நிற்பவனுக்கும் தனியே ஒரு பயிற்சி எதற்கு? அது நாற்காலியில் அமர்ந்து சம்பளம் வாங்குவோருக்கு உரியதன்றோ?" என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் நியாயம் அறவே இல்லையென்று கூறுவதற்கில்லை. ஆயினும் அது இன்றைய நிலைக்குப் பொருந்துமா என்பதை நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். பொருந்தாது என்பதே நமது கருத்து.

சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடும் கடமை உடையோர்க்கு ஓர் உண்மை நன்கு விளங்கும். தவணை தவறிய கடன்களுக்குக் காரணம் கேட்டால் மழையின்மை, விலை வீழ்ச்சி, துணி தேக்கம் என்ற பழைய விடைகளோடு இப்பொழுது மற்றொரு விடையும் அடிக்கடி வருகிறது. அதுதான் மருத்துவச் செலவு. தறிக்கென வாங்கிய பணம் மருந்துக்குப் போகிறது. பயிருக்கென வாங்கிய பணம் கால் புண்ணுக்குப் போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான பெரும் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுக்கு ஆளாகியுள்ளனர் என்றும், வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேர் என்ற விகிதத்தில் அந்நோய் பரவியுள்ளது என்றும் மதிப்பிட்டது. இது செல்வர் வீட்டு நோய் என்று நாம் எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

நெசவாளி உழைக்கவில்லை என்று எவரும் சொல்லத் துணியார். ஆனால் எந்த உறுப்பு உழைக்கிறது என்பதே இங்குக் கேள்வி. குழித்தறியில் அமர்ந்திருப்பவருடைய தோளும் கையும் ஓயாது உழைக்கின்றன, முதுகு வளைந்து உழைக்கிறது, கண்கள் உழைக்கின்றன, பாதங்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஆனால் இடுப்பும் தொடையும் மணிக்கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உடலிற் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் உள்ளவையே. அவை அசையாதிருக்கும்பொழுது இதயத்துக்கு வேலை குறைவு. இரத்தத்திலுள்ள சர்க்கரைக்கும் செலவு குறைவு. மாலையில் உடல் அலுத்துப் போவது உண்மை. அது இருந்த இருப்பில் ஏற்பட்ட அலுப்பேயன்றி, இதயமும் நுரையீரலும் பயின்றதால் உண்டான களைப்பன்று.

முன்னாளில் நெசவுத் தொழிலிலேயே நடை கலந்திருந்தது. தெருவில் பாவை நீள விரித்துக் கஞ்சி போடுகையில் முதியவரும் இளையவரும் காலையிலே எத்தனையோ முறை போய்வருவர். பல ஊர்களில் அவ்வேலை இன்று இயந்திரத்துக்குப் போய்விட்டது. விவசாயியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஏரின் பின் நடந்தவர் டிராக்டரின் மேல் அமர்கிறார். வயலுக்குச் செல்ல மோட்டார் சைக்கிள் இருக்கிறது. இம்மாறுதல்களை நாம் குறை கூறவில்லை. முதுகொடிய உழைத்தவர்களுக்கு இயந்திரம் செய்த உதவியை மறத்தல் தகாது. ஆனால் உழைப்பு குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை. வரவு நிற்கிறது, செலவு குறைகிறது. மிச்சம் இடுப்பில் சேருகிறது.

இதற்கு நல்லதொரு சான்று லண்டன் மாநகரின் பஸ்களிலிருந்து கிடைத்தது. ஜெரிமி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1953ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இரண்டடுக்குப் பஸ்களில் நாள் முழுதும் அமர்ந்து வண்டியோட்டும் டிரைவர்களைக் காட்டிலும், சீட்டுக் கொடுப்பதற்காகப் படியேறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாயிருக்கக் கண்டனர். இருவரும் ஒரே வண்டியில் செல்வோர். ஒரே நிறுவனத்தில் ஊதியம் பெறுவோர். அவர்களிடையே கண்ட பெரிய வேற்றுமை அமர்தலும் படியேறுதலுமே. பின்னர் 1956இல் அக்குழுவினர் சீருடைத் தையல் அளவுகளை எடுத்துப் பார்த்து, டிரைவர்களுடைய காற்சட்டையின் இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாயிருந்ததையும் மறைக்காது வெளியிட்டனர். ஆகவே நோயின் காரணம் முழுவதையும் படியின்மீது சுமத்துதல் கூடாது. ஆயினும் உடலசைவு இதயத்தைக் காக்கும் என்ற முடிவைப் பின்வந்த பல ஆராய்ச்சிகள் உறுதி செய்துள்ளன. துணியின் அளவைக் கொண்டே நோயை அளந்த இச்செய்தி நெசவாளர்க்குச் சுவை தருவதாகும்.

படிப்பயிற்சி என்பது யாது?

நகரங்களில் ஸ்டெப் ஏரோபிக்ஸ் என்று வழங்கும் பயிற்சியையே நாம் இங்குப் படிப்பயிற்சி என்கிறோம். மூச்சும் இதயமும் சற்று விரைந்து, தொடர்ந்து சில நிமிடங்கள் இயங்கும்படியான பயிற்சிகளுக்கு ஏரோபிக்ஸ் என்று பெயர். அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் எழுதிய நூலால் இப்பெயர் உலகெங்கும் பரவிற்று. ஜின் மில்லர் என்ற அமெரிக்கப் பயிற்சி ஆசிரியை, தம் முழங்காலில் ஏற்பட்ட காயத்தினின்று தேறுவதற்காகப் படியில் ஏறி இறங்கினார். அதனையே தாளத்தோடு கூடிய பயிற்சியாக அவர் 1980களின் இறுதியில் அமைத்தார். பின்னர்க் காலணி செய்யும் ரீபாக் நிறுவனம் அதனை உலகெங்கும் கொண்டு சென்றது. இன்று நகரத்துக் கூடங்களில் வண்ண விளக்குகளின்கீழ் இதற்கு மாதக் கட்டணம் வாங்குகின்றனர்.

ஆனால் விளக்கையும் கட்டணத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? ஒரு பலகையும் ஒருவருடைய இரு கால்களுமே. வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கால் கீழே, இடது கால் கீழே, இவ்வளவுதான் அடிப்படை. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த "தகதிமி" என்ற நாலெண்ணிக்கையில் இது அடங்கிவிடும். உட்கார்ந்த நிலையில் ஓய்ந்து கிடக்கும் தொடைத் தசைகளையே இது எழுப்பி வேலை வாங்குகிறது. ஆதலின் தறியில் அமர்வோர்க்கு இதனினும் பொருத்தமான பயிற்சி வேறொன்று தேடவேண்டுவதில்லை.

தொடங்கும் முறை

பலகையைப் பற்றி முதலிற் கூறுவோம். ஊர்த் தச்சரே இதனைச் செய்து தரலாம். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், 4 அங்குல உயரம் போதும். ஒருவர் முழுப் பாரத்துடன் ஓரத்தில் நின்றாலும் அது சாயக்கூடாது. அடியில் ரப்பர்த் துண்டுகளை ஒட்டினால் வழுக்காது. மேற்புறம் வழவழப்பாய் இருத்தலாகாது. சில மாதம் பழகி, முழங்காலும் இடங்கொடுத்தால், 6 அங்குலத்துக்குப் போகலாம். ஏறும்பொழுது முழங்கால் செங்கோணத்துக்கு மேல் மடங்குமாயின் அப்பலகை அவருக்கு உயரமானது என்று அறிக.

திண்ணையில் ஏறிக் குதிப்பதைச் சில இளைஞர் வீரமாகக் கருதுகின்றனர். 1940களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 20 அங்குல உயரத்தில், நிமிடத்துக்கு 30 முறை வீதம், 5 நிமிடம் ஏறி இறங்கச் செய்தது உண்டு. அது வலிய இளைஞரின் திறனை அளந்த சோதனை, அன்றாடப் பயிற்சியன்று. நமக்கு வேண்டுவது நாளையும் தொடரக்கூடிய பயிற்சி.

முதல் வாரத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று நாட்கள், நாளைக்கு 10 நிமிடம் செய்தாற் போதும். பலகையைத் தொடுமுன் 5 நிமிடம் நின்ற இடத்திலேயே மெதுவாக நடைபோட்டு உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். பிறகு நிமிடத்துக்கு 20 தடவை ஏறி இறங்கும் அளவில் நிதானமாகத் தொடங்குக. பாதம் முழுவதும் பலகைமேல் படியவேண்டும். குதிகால் வெளியே தொங்கலாகாது. இறங்கும்பொழுது பலகைக்கு அருகிலேயே காலை வைத்து, முன்பாதம் பட்டபின் குதிகாலையும் தரையில் ஊன்றுக. பின்புறமாக எட்டிக் குதித்தல் ஆகாது. பார்வை நேராக இருக்கட்டும். இடுப்பில் கூனுதல் வேண்டா. நெசவாளரின் முதுகு தறியிலேயே போதுமான அளவு வளைந்துவிட்டது. வலது காலே எப்பொழுதும் முதலில் ஏறினால் பாரம் ஒரு பக்கத்தில் விழும். ஆகையால் நிமிடத்துக்கு ஒரு முறை முதற்காலை மாற்றிக்கொள்க. முடிவில் 5 நிமிடம் மெல்ல நடந்து, கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டி இளக்குதல் வேண்டும்.

வேகம் சரியா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பயிற்சியின்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியவேண்டும். ஆனால் பாட முடியலாகாது. பேசவும் மூச்சு எட்டவில்லையெனில் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாட முடிகிறதெனில் சற்றுக் கூட்டலாம். வாரந்தோறும் இரண்டு மூன்று நிமிடம் ஏற்றி வந்தால் இரண்டு மாதத்தில் அரைமணி நேரத்தை எட்டிவிடலாம். நாட்களையும் மெல்லக் கூட்டி வாரத்துக்கு ஐந்தாக்கினால் 150 நிமிடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் கொள்ள வேண்டுமெனக் கூறியிருப்பதில் முதல் எல்லை இதுவே.

எல்லோரும் நாளையே பலகையில் ஏறிவிடலாமா என்றால், ஆகாது. நடக்கையில் நெஞ்சில் வலியோ இறுக்கமோ உண்டாவோர், இரத்த அழுத்தம் மிகுந்தோர், கருவுற்ற தாய்மார், முழங்கால் வீக்கமுடையோர், நாற்பதைக் கடந்து நெடுங்காலம் அசைவின்றி இருந்தோர் ஆகியோர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைக் கண்டு, அவர் சொற்படி நடத்தல் வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர்க்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழக்கூடும். கையில் சிறிது சர்க்கரை வைத்திருத்தல் நலம். அவர்கள் வெறுங்காலோடு ஏறுதலும் தகாது. பாதத்தில் உணர்வு குன்றியிருப்பின் சிறு சிராய்ப்பும் பெரும் புண்ணாகும். கான்வாஸ் காலணி அணிவதே காப்பு. சேலை உடுத்தும் தாய்மார், வயலில் நடவு நடுகையில் செய்வதுபோல் தூக்கிச் செருகிக்கொள்ளலாம். அல்லது சுடிதார் அணியலாம். தரையிற் புரளும் உடை காலை இடறும்.

எடை குறையுமா? கணக்குப் பார்ப்போம்

எடையைக் குறைப்பதற்காகவே பலர் இப்பயிற்சியை நாடுகின்றனர். கூட்டுறவாளர்களாகிய நமக்குக் கணக்கின்றி எதையும் ஒப்புக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஆகவே இதிலும் வரவு செலவு பார்ப்போம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 4 அங்குலப் பலகையில் அரைமணி நேரம் பயின்றால், சும்மா இருப்பதைவிடச் சுமார் 150 கலோரி கூடுதலாகச் செலவாகும் என்று கொள்ளலாம். வாரத்துக்கு ஐந்து நாள் எனில் 750 கலோரி. பத்து வாரத்தில் 7,500. உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். எனவே உணவில் எந்த மாறுதலும் இன்றிப் பயிற்சி மட்டும் செய்தால், பத்து வாரம் கடந்தும் ஒரு கிலோ குறைவதே அரிது. ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்று விளம்பரம் செய்வோரின் சொல்லை எந்தத் தராசில் நிறுப்பது என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

இனி மறுபக்கம் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 5 கிராம். கிராமுக்கு 4 கலோரி வீதம் 20 கலோரி. தேநீரில் இரண்டு கரண்டி இட்டால் 40. தறிக்கும் கடைக்கும் இடையே நாளைக்கு ஐந்து குவளை அருந்துவோர், சர்க்கரையினால் மட்டும் 200 கலோரி ஏற்றுகின்றனர். அரைமணி நேரம் வியர்வை சிந்தியதை ஐந்து குவளைத் தேநீர் விழுங்கிவிட்டு, மேலும் 50 கலோரி பாக்கி நிற்கிறது! அதே தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்கினால் வாரத்துக்கு 700 கலோரி மிச்சம். பயிற்சியும் இதுவும் சேர்ந்தால் வாரத்துக்கு 1,450. அப்பொழுது ஒரு கிலோ குறைய ஐந்தரை வாரம் போதும். ஆண்டின் இறுதியில் அது பெருந்தொகையாகும். சிறு சேமிப்பின் அருமையை நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டுவதில்லை.

"அப்படியாயின் சர்க்கரையைக் குறைத்தாற் போதாதா? பலகை எதற்கு?" என்று வினவலாம். எடை மட்டுமே ஆரோக்கியம் அன்று. எடை ஒரு கிலோவும் குறையாவிட்டாலும், இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது, இரத்த அழுத்தம் தணிகிறது, தொடை வலுப்பெறுகிறது. உணவை மட்டும் குறைத்து மெலிவோர்க்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. பயிற்சி அத்தசையைக் காக்க உதவுகிறது. ஆகவே தராசைக் காட்டிலும் அளவு நாடாவை நம்புக. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் கடத்தல் ஆகாதென மருத்துவர் கூறுவர். நெசவாளர் சங்கத்தில் அளவு நாடாவுக்குப் பஞ்சம் இல்லை.

சங்கம் செய்யத்தக்கது

இதனை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலேயே செய்யலாமே, சங்கம் எதற்கு என்ற கேள்வி எழும். தனியே தொடங்கிய பயிற்சி பத்து நாளில் நின்றுவிடுவது எங்கும் காணும் நிகழ்ச்சி. பத்துப் பேர் கூடிச் செய்தால், ஒருவர் வராத நாளில் மற்ற ஒன்பதின்மரும் கேட்பர். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை வைத்தனர்; அவர்களுட் பலர் நெசவாளர். தனித்தனியே வாங்க இயலாத நல்ல மாவையும் வெண்ணெயையும் சேர்ந்து வாங்கினர். தனித்தனியே காக்க இயலாத உடல்நலத்தைச் சேர்ந்து காப்பதும் அந்நெறியின் பாற்பட்டதே.

நம் மகளிரை முன்னிட்டும் இதனை வற்புறுத்துகிறோம். 2019-20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளரில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். தார் சுற்றி, தறி நெய்து, அடுப்பும் பார்க்கும் அவர்களிடம் காலையில் தெருவில் ஒரு மைல் நடந்து வாருங்கள் என்றால், நேரத்துக்கு எங்கே போவது என்பர். ஊரார் பேச்சுக்கும் அஞ்சுவர். சங்கக் கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பலகையில் பயில்வதற்கு இத்தடைகள் குறைவு. மழையும் வெயிலும் அதற்குக் குறுக்கே வாரா.

நிர்வாகக் குழுவினர்க்கு நாம் கூறுவது இதுவே. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருக. நூல் கொடுக்கும் நேரத்துக்கு முன் அரைமணி நேரம் சங்கத் தாழ்வாரத்தையோ கூடத்தையோ ஒதுக்குக. பெண்களுக்கு வேறு வேளை வைக்கலாம். துணைவிதிகள் இடந்தருமாயின் பொது நன்மை நிதியிலிருந்து பத்துப் பலகை செய்விக்கலாம். இல்லையேல் அங்கத்தினரே ஆளுக்கொரு பலகை கொணரலாம். தொடக்க நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, அனைவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்க. ஒரு சிறு ஏட்டில் ஒவ்வொருவரின் இடுப்பளவையும், வந்த நாட்களையும் குறித்து வருக. பன்னிரண்டு வாரம் சென்றபின் அவ்வேட்டைப் பொதுக்குழுவில் வைத்தால் பயன் தெரியும். விவசாயச் சங்கங்கள் அறுவடை ஓய்ந்த மாதங்களில் இதனைத் தொடங்குதல் வசதியாயிருக்கும். நடவும் களையெடுப்பும் மும்முரமாயுள்ள நாட்களில் உடலுக்கு அதுவே போதும்.

நூல் விலை நம் கையில் இல்லை. மழையும் நம் கையில் இல்லை. சந்தையில் விசைத்தறித் துணியோடு போட்டியிடும் தொல்லையும் ஒரு நாளில் தீர்வதன்று. இவற்றின் பொருட்டு மனு எழுதுகிறோம், எழுதவும் வேண்டும். ஆயினும் எவருடைய கையெழுத்துக்கும் காத்திராமல், எந்த மானியத்தையும் எதிர்பாராமல், நாமே இன்று தொடங்கத்தக்க காரியங்கள் சில உண்டு. நான்கு அங்குல உயரமுள்ள ஒரு பலகைமீது காலை எடுத்து வைப்பது அவற்றுள் ஒன்று. தறிக்கு வருமுன் பத்து நிமிடம் பயின்று பாருங்கள். தேநீரில் ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைத்துப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து இடுப்பளவு என்னவென்று அந்த ஏட்டைப் பார்த்து நாம் பேசிக்கொள்வோம்.